முத்துநகரும் சங்குகளும்

தாம்பரத்தில் அன்றாடம் மாலை மங்கிய பின் தூத்துக்குடிக்குச் செல்லும் முத்துநகர் விரைவு வண்டி வந்து நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிறு மனத்தாங்கல். தூத்துக்குடிக் கடலின் புகழை முத்து எடுத்துக்கொண்டது. ஆனால் அக்கடலில் ஓரளவேனும் நிலையான வருவாயைத் தந்தது சங்குதான். முத்துக்குளிப்பு சில ஆண்டுகள் நடக்கும், பிறகு பல ஆண்டுகள் சிப்பியே இராது. 1961-க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. சங்குகுளிப்போ அதைவிட மிகவும் ஒழுங்காக நடந்துவந்தது.

காரணம் அவ்வுயிர்களின் பிறப்பிலேயே இருக்கிறது. சிப்பி பாரில் வாழ்வது. அதன் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து எங்கேனும் ஒட்டிக்கொள்ளும், அல்லது அழிந்துபோகும். சங்கு மணலில் வாழ்வது. பெண் சங்கு ஆட்டுக்கிடாயின் கொம்பைப்போல் முறுக்கிய முட்டைக்கூட்டை, ஒரு முனை மணலில் ஊன்றியிருக்க, இட்டு வைக்கிறது. மிதக்கும் பருவமே இல்லாமல், ஓடும் உருவமுமாகச் சிறு சங்குகள் அதிலிருந்து ஊர்ந்து வெளிவருகின்றன. தாய் இருந்த மணலே பிள்ளைகளுக்கும் ஊர்; மணற்புழுக்களே உணவு. ஆகவே ஒரு படுகை விட்டுவைக்கப்பட்டால் நிலைத்திருக்கும். துடைத்து எடுக்கப்பட்டாலோ, தொலைவிலிருந்து வந்து அதை எளிதில் நிரப்புவார் எவருமில்லை.

வட அட்லாண்டிக் கடலில் ஆங்கிலேயர் 'வெல்க்' என்றழைக்கும் நத்தைக்கும் இதே விதி. அதன் முட்டைக்கூட்டிலும் மிதக்கும் பருவமில்லை. முந்திப் பிறந்தவை மற்ற முட்டைகளைத் தின்றே வளர்கின்றன. அங்கு 45 மில்லிமீட்டருக்குக் குறைந்த நீளமுள்ளதைப் பிடிக்கலாகாது என்று ஐரோப்பிய விதி வகுத்தது.

நம் கரையில் அத்தகைய அளவுகோல் அதற்கும் மூத்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி ஒரு தனிநூலே எழுதினார். அவர் காலத்தில் தூத்துக்குடியில் குளியாளர்கள் கொண்டுவரும் சங்குகளை அளந்து பார்ப்பார்கள். சுமார் இரண்டே கால் அங்குல விட்டத்திற்குக் குறைந்தவை மீண்டும் கடலுக்கே போகும். பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளர்களும் மூச்சடக்கி இறங்கி, மணலில் சங்கு ஊர்ந்து சென்ற தடத்தைப் பின்பற்றி எடுத்தார்கள். நீர் தெளிந்த நாளில் மட்டுமே அது இயலும். மூச்சும் கலங்கல் நீருமே பாதிக் காவலாக இருந்தன என்பது எங்கள் எண்ணம்.

அந்தச் சங்குகளில் பெரும்பகுதி வங்காளத்திற்குப் போயிற்று. டாக்காவின் சங்காரிகள் அவற்றை அரத்தால் வட்டமாக அறுத்து, மணமான பெண்களின் வளையாக்கினர். அத்தொழில் ஒருகாலத்தில் இங்கேயே இருந்தது. மதுரைக்காஞ்சி கூடல் நகரின் தொழிலாளர்களுள் சங்கறுத்துக் கடைவோரைச் சேர்க்கிறது. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால் சங்கறுத்த செய்தி அகநானூற்றின் 24ஆம் பாடலில் உவமையாக வருகிறது. கொற்கை மண்ணிலிருந்து ஹார்னெலே அறுத்த சங்குத்துண்டுகளைக் கண்டெடுத்தார். அத்தொழில் இங்கிருந்து ஏன் மறைந்தது என்பது தனிக் கட்டுரைக்குரியது.

இடையில் ஒன்று. வலம்புரியென்று நாம் போற்றுவதை விலங்கியலார் இடப்புறம் திரும்பியதென்பர். நம் சாதாரண இடம்புரி அவர்களுக்கு வலப்புறத்தது. பிழை எவருடையதுமன்று, சங்கை எந்த முனை மேலே இருக்கப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதே வேறுபாடு.

தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-இல் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆண்டவர் எவராயினும் சங்கைத் தம் உரிமையென்றே வைத்திருந்தனர். இராமநாதபுரக் கரையில் அவ்வுரிமை சேதுபதிகளுடையது. ஏகபோகம் குளியாளருக்குக் குறைந்த கூலியே தந்தது. அதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் பிடித்த சங்கெல்லாம் ஒரே கரையில், ஒரே அளவுகோலின்முன் வந்து குவிந்தது அந்த ஏற்பாட்டினால்தான். 1960-களுக்குப் பின் பெருகிய இழுவைப்படகுகளின் வலை அளவு பார்ப்பதில்லை. சங்கை அது தேடிப்போவதும் இல்லை. அடிமணலை வாரும்போது பெரியதும் சிறியதும் முட்டைக்கூடுமாக எதிர்ப்பட்டதெல்லாம் ஏறிவிடுகின்றன. காற்றமுக்கிக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கும் குளியாளருக்கு மூச்சின் எல்லையும் இல்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கிழக்குக் கரையில் இழுவைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் விதிக்கப்படும் தடை 2017 முதல் 61 நாட்களாக உயர்ந்தது. அந்த நாட்களில் மணல் சற்று அமைதியாகக் கிடக்கும். ஆனால் சங்கு மெல்ல வளரும் உயிர். அளவை எட்ட அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்.

இங்கே புறநகரில் குழந்தைக்குப் பாலூட்டுவது சங்கில். இறுதி ஊர்வலத்தின் முன்னே ஊதுவதும் சங்கு. தூத்துக்குடி வண்டிக்கு மட்டும் முத்தின் பெயர்.