நாலந்தாக் கெடிகே: கட்டடக் கலையும் சமயமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில், நாலந்தா என்னும் ஊரை அடைந்து கிழக்கே திரும்புவோர், நீர்த்தேக்கமொன்றின் விளிம்பில் தனித்து நிற்கும் கற்றளி ஒன்றைக் காண்பர். கெடிகே என அழைக்கப்படும் இக்கட்டடம் அளவாற் சிறியது. ஆயினும் இலங்கையின் கட்டடக் கலை வரலாற்றிலே இது எழுப்பிய வாதங்கள் சிறியனவல்ல. மாமல்லபுரத்தைக் கண்டவர் இதனைக் கண்டவுடன் இந்துக் கோயில் என்பர். அருகிலுள்ள தூபியையும் படிவாயிலிலுள்ள சந்திரவட்டக் கல்லையும் கண்டவர் பௌத்த ஆலயம் என்பர். இரு திறத்தாரும் கட்டடத்தையே சான்றாகக் காட்டுகின்றனராதலின், முதலில் கட்டடத்தை நோக்குதல் தகும்.

கெடிகே என்ற சொல், செங்கல் இல்லம் எனப் பொருள்படும் 'கிஞ்சகாவசத' என்னும் பாளிச் சொல்லின் திரிபு என்பர். பொலநறுவையில் இப்பெயர் பெறும் திருவுருவ மனைகள் பெரும்பாலும் செங்கல்லாலானவையே. முழுவதும் கல்லாலான நாலந்தாக் கட்டடம் செங்கல் இல்லம் என்ற பெயரைத் தாங்கி நிற்பது ஒரு வேடிக்கை எனலாம்.

இதன் தள அமைப்பு திராவிட மரபினது. முன்னே தூண்களையுடைய மண்டபம். அதனை அடுத்துக் குறுகிய இடைகழி. அதன் முடிவிற் கருவறை. மண்டபத்தின் கூரை இன்று இல்லை. கருவறையின் மேல் எழும் விமானமே கட்டடத்தின் சிறப்புறுப்பு. அதிட்டானத்தின் மீது நிற்கும் சுவர்கள் அரைத்தூண்களாற் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேல் கொடுங்கையும், கொடுங்கையின் முகப்பில் குதிரை லாடம் போன்ற கூடுகளும் உள. இவ்வுறுப்புகள் யாவும் பல்லவர் காலத்துக் கற்றளிகளிற் பயில்வன. ஆயின் நாளும் ஆண்டும் கூறும் சான்று இன்மையால் கட்டடத்தின் காலத்தைக் கலைப்பாணி கொண்டே துணிய வேண்டியுள்ளது. ஆராய்ச்சியாளர் இதனைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கொள்வர்.

இவ்விடத்தே கூடு என்னும் உறுப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். திராவிட விமானத்தின் அடையாளமாக இன்று கருதப்படும் இது, தொடக்கத்திற் கோயிலுக்கு உரியதன்று. மரத்தாலும் ஓலையாலும் அமைந்த வளைகூரை மனைகளின் முகப்புச் சாளரமே அது. அதனைக் கல்லிற் பெரிதாகச் செதுக்கியோருள், பாஜா, கார்லே முதலிய இடங்களிற் பௌத்தருக்காகக் குடைவரைகளை அமைத்த சிற்பிகளும் அடங்குவர். பல நூற்றாண்டுகளின் பின், மாமல்லபுரத்து இரதங்களிலே அதுவே சிறு அணியுறுப்பாகச் சுருங்கிக் கொடுங்கையில் இடம்பெற்றது. எனவே கூடு இருப்பதாலேயே ஒரு கட்டடம் சைவத்துக்கோ வைணவத்துக்கோ உரியது என முடிவு கட்டுதல் பொருந்தாது. பாணி என்பது சிற்பியரின் மொழி. அம்மொழியில் எச்சமயத்தாரும் பேசலாம்.

சமயத்தைத் துணிய வேண்டுமாயின் உருவங்களையே வினவ வேண்டும். விமானத்தின் தென்புறத்துப் பெரிய கூட்டினுள் குபேரன் அமர்ந்துள்ளான். இது சிந்தனைக்குரியது. சிவாலயத்தின் தென்புறம் தட்சிணாமூர்த்திக்கு உரிய இடம்; பிற்பல்லவர், சோழர் காலங்களில் இம்மரபு நன்கு நிலைபெற்றது. குபேரனோ சைவ மரபில் வடதிசைக் காவலன். அவன் தெற்கே வீற்றிருப்பது சைவ ஆகம ஒழுங்குக்கு இயைவதாக இல்லை. மறுபுறம், பௌத்தத்தில் அவனுக்குத் தனி மதிப்பு உண்டு. அவனுடைய சங்கநிதி, பதுமநிதி ஆகியோரின் உருவங்கள் அனுராதபுரத்து அபயகிரி விகாரை வாயிலிலும் காணப்படுகின்றன. இவற்றோடு, இலங்கையில் அரிதாகிய இணைவிழைச்சுச் சிற்பம் ஒன்றும் இக்கட்டடத்தில் உண்டு. சிதைந்த நிலையிலுள்ள அதனைத் தாந்திரிக பௌத்தத்தின் சுவடாகக் காண்போர் பலர். ஒரு சிற்பத்தை மட்டும் கொண்டு அவ்வளவு தூரம் செல்லலாமா என்பது ஐயத்துக்குரியதே. எனினும் குபேரனையும் உடன்வைத்து நோக்குமிடத்து அக்கருத்து முற்றாகத் தள்ளத்தக்கதன்று.

அக்காலத்து வரலாறும் இதற்கு இடந்தருகின்றது. அரசிழந்த மானவர்மன் பல்லவன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவனுக்காகப் போர் புரிந்து, பின்னர்ப் பல்லவப் படையுதவியால் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை அரியணையை மீட்டான் எனச் சூளவம்சம் கூறும். அவனுடைய வழியினர் நெடுங்காலம் அனுராதபுரத்தில் ஆண்டனர். பல்லவ நாட்டுச் சிற்பியரோ, அவர்தம் கலைமரபோ இங்கு வந்தடைய இதனினும் நல்ல வாயில் வேண்டுவதில்லை. பௌத்தரும் அதே கடல்வழியிற் சென்றனர். காஞ்சியோடு தொடர்புடைய வச்சிரபோதி என்னும் துறவி, இலங்கைக்கு வந்து சென்று, கி.பி. 720 அளவிற் சீனத்தை அடைந்து தாந்திரிக நெறியைப் பரப்பினார். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர் 741இல் நூல்களைத் தேடி இலங்கைக்கு வந்தார். முதலாம் சேனனின் ஆட்சியில் (833–853) வச்சிரநெறி இலங்கையிற் புகுந்ததென நிகாய சங்கிரகம் குறைகூறும். ஆகவே தமிழகத்துப் பாணியில் ஒரு மகாயான ஆலயம் இங்கு எழுந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை. தமிழர் என்றால் சைவர், சிங்களவர் என்றால் பௌத்தர் என்ற பிற்காலப் பிரிப்பை 8ஆம் நூற்றாண்டின் மீது ஏற்றுவோருக்கே அது புதிராகும். மணிமேகலையைத் தந்த மொழியினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் நாலந்தா பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுப் போர்களிற் படைத்தளமாகப் பேசப்படுகின்றது. அதன்பின் காடு மூடியது. 1890 முதல் 1912 வரை தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல் காலத்தில் இச்சிதைவு ஆய்வாளர் கவனத்தைப் பெற்றது.

1970களில் வேறொரு இடர் நேர்ந்தது. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட ஆற்று நீர், சுரங்கவழியாக உக்குவளைக்கு வந்து, சுது கங்கையூடாக அம்பன் கங்கையை அடைந்து, போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் தேக்கப்படலாயிற்று. வறண்ட வடமத்திய வயல்களுக்கு அந்நீர் இன்றியமையாதது. கெடிகே நின்ற நிலமோ நீருள் மூழ்க வேண்டியதாயிற்று. கட்டடம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவெய்தியது.

சுண்ணச் சாந்தை நம்பிய செங்கற் கட்டடமாயின் இவ்வாறு பெயர்த்து வைத்தல் அரிது. ஒவ்வொரு கல்லும் தன் இடத்துக்கெனச் செதுக்கப்பட்டிருந்தமையாலேயே தளி தப்பியது. எனினும் பெயர்க்கக் கூடியது கல் மட்டுமே. கட்டடம் எழுந்த மண்ணும், அதன் சூழலும் முன்னைய இடத்திலேயே தங்கிவிட்டன. முதலிற் கருவறையில் வைத்து வழிபடப்பட்ட திருவுருவம் யாதென்ற வினாவுக்கு விடைதரும் தடயம் அம்மண்ணில் எஞ்சியிருந்தால், இன்று அது போவத்தென்னை நீரின் கீழ்க் கிடக்கின்றது.