திக்குகிற இன்ஜினுக்கு நாடி பார்ப்போம்



திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அகத்திய முனிவருக்கு ஈசன் மருந்துகளின் குணத்தை உபதேசித்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. வைத்தியத்தில் நாடி பார்ப்பது முதல் வேலை, மருந்து அப்புறம்தான். ஆனால் வண்டி விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? பழைய பெட்ரோல் வண்டி திக்கித் திக்கி ஓடினால், ‘பிளக்கை மாத்து’ என்கிறோம். மறுபடியும் திக்குது. ‘பாயிண்டை மாத்து, காயிலை மாத்து’ என்கிறோம். காசு போகிறதே தவிர மிஸ்ஸிங் போவதில்லை. விடியற்காலையில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்புகிறவருக்கு வண்டி பாதி வழியில் நின்றால், அன்றைய வரும்படியே வாடிப் போகும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், தீப்பொறியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1903-ல் சென்னையில் சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு கார் செய்தார். அது நீராவிக் கார். அதற்குத் தீப்பொறியும் கிடையாது, மிஸ்ஸிங்கும் கிடையாது. பெட்ரோல் இன்ஜினோ சிலிண்டருக்குள்ளேயே நெருப்பு வைக்க வேண்டிய இன்ஜின். ஜெர்மனியில் டைம்லர் முதலில் ஒரு குழாயை வெளியிலிருந்து பழுக்கக் காய்ச்சி அதனால் பற்றவைத்தார். காரல் பென்ஸ் பேட்டரியும் காயிலும் வைத்தார். 1902 வாக்கில் பாஷ் கம்பெனியின் ஹொனால்டு, உயர் அழுத்த மின்சாரம் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்தார். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பேட்டரி, காயில், பாயிண்டு மூன்றையும் சேர்த்து ஒரு முறையை உண்டாக்கினார். 1961 முதல் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கல்கத்தா பக்கம் தயாரான பெட்ரோல் அம்பாசிடர் இரண்டிலும் இருந்தது இதே கெட்டரிங் முறைதான்.

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி மின்சாரம் காயிலுக்குப் போகிறது. பாயிண்டு பட்டென்று திறக்கும்போது காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அதை ரோட்டார் வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியாக, ஒவ்வொரு வயரிலும் முறை வைத்து அனுப்புகிறது. ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் அந்த முறை 1, 3, 4, 2. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு வினாடிக்கு 100 பொறி வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் வண்டி திக்கும்.

நமது வாய்க்கால் மாதிரிதான் இதுவும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கிணற்றையா வெட்டுகிறோம்? எந்த வயலுக்கு வரவில்லை என்று பார்த்து, அங்கிருந்து மேலே மடை மடையாகப் போகிறோம் அல்லவா? அதேபோல் முதல் கேள்வி, ‘எந்த சிலிண்டர் சும்மா இருக்கிறது?’ என்பதுதான்.

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட கொறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வெறுங்கையால் தொட்டால் பலமாக ஷாக் அடிக்கும். கழற்றியதும் இன்ஜின் தளர்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். எதைக் கழற்றினால் மாற்றமே இல்லையோ, அதுதான் சோம்பேறி.

இப்போது கடைக்கு ஓட வேண்டாம். அந்த பிளக்கைப் பக்கத்து பிளக்கோடு இடம் மாற்றுங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் குற்றம் பிளக்கில். மாறாவிட்டால் வயரைச் சோதியுங்கள், அடுத்தது மூடி. இவை மூன்றும் சரி என்றால் கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டும். வால்வு எரிந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

ஒரே சிலிண்டராக இல்லாமல் மாறி மாறித் திக்கினால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. பாயிண்டு இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். கார்பரேட்டரில் தூசியும் சேர்ந்திருக்கலாம். சூடேறிய பிறகுதான் திக்குகிறது என்றால் காயில், கன்டென்சர் மேல் சந்தேகம் வையுங்கள். ஈரமான காலையில் மட்டும் திக்கினால் மூடியும் வயரும்தான்.

இங்கேதான் திருவான்மியூர் மறுபடி வருகிறது. கடற்கரை ஊர். உப்புக் காற்று வயர் மேலும் மூடி மேலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பொறி பிளக்குக்குப் போகாமல் வெளியிலேயே வழிந்துவிடும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். அப்போது இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே மயிரிழை போலக் கரிக்கோடு இருந்தால் மட்டும் புது மூடி போடுங்கள். கடலோரத்து உழவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

டிராக்டருக்கும் டீசல் பம்புக்கும் தீப்பொறி கிடையாது. ஆனால் நாடி பார்க்கும் வழி அதேதான். இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினால் சோம்பேறி சிலிண்டர் தெரிந்துவிடும். முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

‘இதெல்லாம் பழங்கதை, இப்போ கம்ப்யூட்டர் சொல்லுதே’ என்பீர்கள். உண்மைதான். 1996 முதல் அமெரிக்கக் கார்களில் மிஸ்ஸிங்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் கட்டாயமானது. பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. ‘பி 0301’ என்று காட்டினால் ஒன்றாவது சிலிண்டர் என்று பொருள். ஆனால் அதுவும் இன்ஜின் சுற்று எங்கே தளர்கிறது என்றுதான் பார்க்கிறது. அனுபவசாலி மெக்கானிக் காதால் கேட்டதும் அதையேதான். எந்த சிலிண்டர் என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதை நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

திக்குதலை அலட்சியம் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையே நீர்க்க வைக்கும். இன்று ஒரு பிளக்கோடு போகிற செலவு, நாளை இன்ஜினையே பிரிக்க வைத்துவிடும். அதனால் பர்ஸைத் திறக்கும் முன்னே நாடியைப் பாருங்கள்.