நள்ளிரவில் அடித்த மணி – தஞ்சைச் சத்திரங்கள்

தங்க ஓர் இடம், ஒரு வேளைச் சோறு, நோய் வந்தால் மருந்து. வீடற்றவனுக்கு அன்றாடம் வேண்டியவை இவையே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை நாட்டில் இதற்கென ஓர் ஏற்பாடு இருந்தது. அதுதான் சத்திரம்.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியில் பல சத்திரங்களைக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எனப் பலவற்றுக்கும் அரண்மனைப் பெண்களின் பெயர்கள். செலவுக்குக் கிராமங்களின் வருமானம் விடப்பட்டிருந்தது. காவிரிக்கரை நெல்தான் வழிப்போக்கனின் சோறானது.

1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சின. சத்திரங்களுக்கு விட்ட கிராமங்களும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சிய மன்னர், 1801-ல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடந்தது என்பது அதிலிருந்துதான் தெளிவாகத் தெரிகிறது.

பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியாகவே கொடுத்தார்கள். (சாதி வாசலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் வந்தது!) நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று அழைத்தார்கள். மழையில் பயணம் தடைபட்டால் வானம் வெளுக்கும் வரை தங்கலாம். குழந்தைகளுக்குப் பால். பிரசவமான பெண் மூன்று மாதம் வரை இருக்கலாம். நோயாளியைப் பார்க்க வைத்தியர் இருந்தார், பாம்புக்கடிக்கும் மருந்து இருந்தது. வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமச்சடங்கு. அநாதைக் குழந்தைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, தினம் மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும் தந்தார்கள். எண்ணெய்க் குளியலைக்கூட மறக்காமல் எழுதிய மன்னர் அவர்!

1855-ல் ஆண் வாரிசின்றி இரண்டாம் சிவாஜி இறந்தபின் அரசே கம்பெனியிடம் போனது. சத்திரக் கட்டடங்கள் சில பள்ளியும் விடுதியுமாக மாறின, சில இடிந்தன.

வீடற்றோருக்காக மத்திய அரசு 2013-ல் கொண்டுவந்த திட்டம், நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம் வேண்டும் என்று வகுத்தது. அந்தக் கணக்கு நகரத்து மக்கள்தொகையைக் கொண்டு போட்டது. சத்திரங்களோ, நடந்து வருபவன் களைத்து உட்காரும் இடத்தில் இருந்தன.