கையெழுத்துப் போடாதவர்

1787 செப்டம்பர் 17. பிலடெல்பியா. நாலு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப்பேசி உருவாக்கிய அரசியல் சாசனத்தில் வரிசையாகக் கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது. மொத்தம் 39. அறையிலிருந்த மூன்று பேர் மட்டும் பேனாவைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அதில் ஒருவர் ஜார்ஜ் மேசன். வர்ஜீனியா மாநிலத்துப் பெரிய பண்ணையார். வயது 61. இதில் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் வலது கையையே வெட்டிக்கொள்வேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அப்படி என்ன கோபம்?

பிரிட்டிஷ் ராஜாவோடு நடத்திய யுத்தம் முடிந்து நாலே வருடம். அதற்குள் வரி போட, ராணுவம் வைக்க, கோர்ட் நடத்த என்று சகல அதிகாரத்தோடும் ஒரு மத்திய அரசா? சரி, குடிமகனை அது என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலாவது போடுங்கள் என்றார் மேசன். 1776-ல் வர்ஜீனியாவுக்கு அப்படியொரு உரிமைப் பிரகடனத்தை எழுதியவரே அவர்தான். சில மணி நேர வேலை. ம்ஹும். வந்திருந்த அத்தனை மாநிலங்களும் வேண்டாம் என்றுவிட்டன.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. பழைய ஏற்பாட்டில் மத்திய அரசால் ஒரு பைசா வரி போட முடியாது. ராணுவ வீரர்களுக்கே சம்பள பாக்கி. இப்படியே விட்டால் தேசமே இருக்காது என்றார்கள்.

அடுத்த வருடம் ஜூனில் வர்ஜீனியாவில் ஓட்டெடுப்பு. மேசனும் பேட்ரிக் ஹென்றியும் முழங்கித் தீர்த்தார்கள். ‘மக்களாகிய நாங்கள்’ என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, ‘மாநிலங்களாகிய நாங்கள்’ என்றல்லவா இருக்கவேண்டும் என்று ஹென்றி கேட்டார். ஆதரவு 89, எதிர்ப்பு 79. ஆறே பேர் மனம் மாறியிருந்தால் கதை வேறு!

தோற்றார்கள். ஆனால் ஜெயித்தவர்களுக்கு பயம் வந்துவிட்டது. பட்டியல் தேவையில்லை என்று வாதாடிய ஜேம்ஸ் மேடிசனே 1789-ல் காங்கிரஸில் அதைக் கொண்டுவந்தார். 1791 டிசம்பர் 15-ல் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்தரம், ஜூரி விசாரணை எல்லாம் அப்படி வந்தவைதான். மேசனின் பண்ணையில் உழைத்த அடிமைகளுக்கு மட்டும் அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மேசன் கொடுத்த விலை? பக்கத்துப் பண்ணைக்காரர் ஜார்ஜ் வாஷிங்டனோடு இருந்த பல வருட சிநேகம். பிற்பாடு ஒரு கடிதத்தில் வாஷிங்டன் அவரை ‘முன்னாள் நண்பர்’ என்றுதான் குறிப்பிட்டார்.

1792 அக்டோபரில் மேசன் காலமானார். அவர் கேட்ட பட்டியல் அதற்குப் பத்து மாதம் முன்பே சாசனத்தில் ஏறியிருந்தது.