வழிப்போக்கர் பந்தயமும் லீக் பந்தயமும்

எந்த ஊரிலும் மாலை வேளையில் இருவகைக் கிரிக்கெட் ஆட்டங்களைக் காணலாம். ஒன்று, வந்தவர் வந்தபடி கூடி, இரு கட்சியாகப் பிரிந்து, சுவரில் கரிக்கோடு இழுத்து விக்கெட்டாகக் கொண்டு ஆடுவது. அதற்கு நடுவர் இல்லை, கணக்கேடு இல்லை. இருட்டியதும் ஆட்டம் முடிந்துவிடும். மற்றொன்று, பம்பாயில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய காங்கா லீக்கைப் போன்றது. அதற்கு அட்டவணை உண்டு, விதி உண்டு, நடுவர் உண்டு. இன்று தோற்றவர் இனிவரும் ஆட்டங்களில் ஈடுசெய்து கொள்ள வேண்டிய புள்ளிகளும் உண்டு.

தெருவில் ஆடும் ஆட்டத்துக்கு நடுவர் இல்லாவிடினும் அங்கே நியாயம் அடியோடு இல்லாமற் போவதில்லை. எதிராளி பக்கத்து வீட்டுப் பையன். அவன் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டும். இந்த எண்ணமே அங்கு நடுவராக நிற்கிறது. ஆனால் ஆடுவோர் ஒருவரையொருவர் கண்ணாற் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை என்ற நிலையில் ஒழுங்கு எங்கிருந்து பிறக்கும்? இக்கேள்விக்குக் கணிப்பொறி மோட்டார் பந்தயத்தின் வரலாறு ஒரு விடை தருகிறது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

மேசையில் ஒரு திருப்புச் சக்கரம், காலடியில் மிதிகட்டைகள், எதிரே ஒரு திரை. காரின் எடை எப்பக்கம் சாய்கிறது, டயர் தரையை எவ்வளவு பற்றுகிறது என்பனவற்றை இன்றைய கணிப்பொறி நொடிக்குப் பல நூறு முறை கணக்கிட்டு ஓட்டுநருக்கு உணர்த்துகிறது. இதனையே சிமுலேட்டர் என்பர். தமிழில் பாவனைப் பந்தயம் எனலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட் கேமர், ஓமர் குதாரி என்னும் இருவர் நிறுவிய பாப்பிரஸ் என்ற சிறு நிறுவனம், 1989இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் பாவனையொன்றை வெளியிட்டது. இத்துறையின் முன்னோடிகளுள் அது ஒன்று. அதில் 33 கார்கள் ஓடின. ஆயின் மனிதர் ஓட்டியது ஒன்றே. மற்ற 32 கார்களையும் பொறியே ஓட்டியது. பொறிக்குக் கோபம் இல்லை, மானமும் இல்லை. ஆகவே ஒழுங்கு பற்றிய சிக்கலும் அப்போது எழவில்லை.

மனிதரோடு மனிதர் மோதத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. பாப்பிரஸ் 1994இல் நாஸ்கார் ரேசிங் என்ற பாவனையைக் கொணர்ந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இரு கணிப்பொறிகளை இணைத்து ஓட்டும் வசதி வந்தது. சில ஆண்டுகளில் பலர் கூடி ஓட்டும் சேவையும் ஏற்பட்டது. பின்னாளில் நாஸ்கார் பந்தயங்களில் பெரும்புகழ் எய்திய டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், அக்காலத்தே இவ்வாறு வீட்டிலிருந்தபடி ஓட்டிய இளைஞருள் ஒருவர்.

இங்கே நுட்பமான ஓர் இடர் உண்டு. எதிராளியின் கார் எங்கே உள்ளது என்ற செய்தி கம்பி வழியே வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நம் கணிப்பொறி, அக்கார் இன்ன இடத்தில் இருக்கக்கூடும் என்று ஊகித்துத் திரையில் காட்டுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அது ஏறத்தாழ ஒரு காரின் நீளம். ஆகவே என் திரையில் நான் இடிக்கவில்லை. உங்கள் திரையில் நான் இடித்துவிட்டேன். இருவர் கூறுவதும் உண்மையே. இத்தகைய வழக்கை யார் தீர்ப்பது?

1998இல் பாப்பிரஸ் வெளியிட்ட கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ், 1967ஆம் ஆண்டின் பந்தயக் கார்களைப் பாவித்தது. அக்கார்களுக்குத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் இல்லை; சக்கரங்களுக்கு மறைப்பும் இல்லை. ஒரு காரின் சக்கரம் மற்றொன்றின் சக்கரத்தைத் தீண்டினால் வானில் எழும்பி விழ வேண்டியதுதான். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை ஒரு சுற்றே ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். அதனைத் தனியே ஒருமுறை தவறின்றிச் சுற்றிவரவே பல நாட்கள் பயில வேண்டும்.

இந்தப் பாவனையை ஓட்டுவோர் இணையத்தில் சந்திப்பதற்கு வி.ஆர்.ஓ.சி. என்ற நிரல் ஒரு சத்திரம் போல் உதவியது. ஒருவர் தம் கணிப்பொறியில் பந்தயம் அறிவிப்பார், விரும்பியவர் சேர்வர், ஓடி முடித்ததும் கலைந்துவிடுவர். இதனை வழிப்போக்கர் பந்தயம் என்று அழைக்கலாம். இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. நினைத்த வேளையில் ஓடலாம். புதியவர் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. தோல்வி எவர் ஏட்டிலும் ஏறாது. அயலூரார் பலரோடு கலந்து பழக இதைவிட எளிய வாயில் இல்லை.

ஆயினும் இதன் குறை முதல் வளைவிலேயே வெளிப்படும். பந்தயம் தொடங்கியதும் பத்துப் பதினைந்து கார்கள் ஒரே வளைவை நோக்கிப் பாய்கின்றன. பின்னால் வருபவர் பிரேக்கைச் சற்றே தாமதித்து அழுத்தினால் இரண்டு இடம் முன்னேறலாம்; இல்லையேல் எதிரே இருப்பவரை இடித்து வெளியேற்றிவிடலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் அவருக்கு நட்டம் சிறிதே. இப்பந்தயத்தை விட்டு அடுத்ததில் சேர்ந்துகொள்வார். இடிபட்டவரோ அரைமணி நேரம் பயின்று பெற்ற இடத்தை இழந்து நிற்பார். முன்னவர் இயல்பாகவே தீயவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருடைய செயலை நினைவில் வைத்திருப்பார் எவரும் அங்கு இல்லை என்பதே காரணம்.

இக்குறைக்கு மருந்தாகவே லீக்குகள் தோன்றின. எந்த அரசும் எந்த நிறுவனமும் அவற்றை ஏற்படுத்தவில்லை. ஆர்வலர் சிலர் கூடி வாரத்தில் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்தனர். இன்ன வாரம் இன்ன பாதை என்று அட்டவணை வகுத்தனர். முதலில் பயிற்சி, பின் தகுதிச் சுற்று, அதன்பின் பந்தயம் என்று முறை செய்தனர். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி வழங்கி, பருவ முடிவில் வாகையரைத் தீர்மானித்தனர்.

மோதல் வழக்குகளுக்கு மேற்பார்வையாளர் அமர்த்தப்பட்டனர். பந்தயம் முழுவதையும் பதிவு செய்து மீண்டும் பார்க்கும் வசதி இப்பாவனைகளில் இருந்தது பெரும் துணையாயிற்று. முறையிடுவோர் குறித்த காலத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். கோபம் தணியும்வரை பொறுக்க வேண்டும் என்று சில லீக்குகள் விதித்தன. மேற்பார்வையாளர் பதிவைப் பல கோணங்களிலிருந்து பார்த்து, கம்பியின் தாமதத்தால் நேர்ந்த மோதல் எது, கவனக்குறைவால் நேர்ந்தது எது என்று பிரித்தறிவர். தவறிழைத்தவர்க்கு நேரத்தைக் கூட்டுவர்; அல்லது அடுத்த பந்தயத்தில் பின்வரிசையில் நிறுத்துவர். ஊதியமின்றி, இரவு நெடுநேரம் விழித்திருந்து செய்யப்பட்ட பணி இது.

இம்முறையின் பயன் விரைவிலேயே புலப்பட்டது. பத்து வாரம் ஒருவரோடு ஓடியவர், அவர் எவ்வளவு தூரத்தில் பிரேக்கை அழுத்துவார், எங்கே இடம் கொடுப்பார் என்பதை அறிந்துகொள்வார். அதன்பின் இருவரும் ஒரு முழம் இடைவெளியில் பக்கம் பக்கமாக அஞ்சாது ஓடுவர். வழிப்போக்கர் பந்தயத்தில் இந்த நம்பிக்கை வாய்ப்பது அரிது.

ஆனால் லீக்குக்கும் குறைகள் உண்டு. இரவில் பணிபுரிவோரும் கைக்குழந்தை உள்ளோரும் வாரந்தோறும் அதே வேளைக்கு வருவது எளிதன்று. லண்டனில் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் லீக், நம் நாட்டவர்க்கு நள்ளிரவு கடந்து 1.30 மணிக்குத்தான் தொடங்கும். மேலும், அமைப்பாளர் சலிப்படைந்தால் அவரோடு லீக்கும் மறைந்துவிடும்.

இருவகைப் பந்தயங்களின் நன்மையையும் ஒன்றாக்கும் முயற்சி அடுத்து வந்தது. பாப்பிரஸின் கடைசிப் படைப்பாகிய நாஸ்கார் ரேசிங் 2003 சீசன் வெளியான மறு ஆண்டே அந்நிறுவனம் மூடப்பட்டது. கேமர் மனந்தளரவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஜான் ஹென்றியோடு சேர்ந்து 2004இல் புதிய நிறுவனம் தொடங்கினார். அவர்களின் ஐரேசிங் சேவை 2008இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதில் ஓட்டுவோர் சொந்தப் பெயரோடு பதிய வேண்டும். பந்தயங்கள் குறித்த மணிக்குத் தொடங்கும். எவரும் வந்து சேரலாம். ஆனால் ஒவ்வொருவர்க்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று திறமையைக் குறிக்கும். ஒத்த திறமையுடையோரை ஒரே பந்தயத்தில் சேர்க்க அது உதவும். மற்றொன்று பாதுகாப்பைக் குறிக்கும். பொதுவாகப் பாதையை விட்டு விலகினால் 1, கட்டுப்பாட்டை இழந்தால் 2, மற்றொரு காரோடு வன்மையாக மோதினால் 4 என்று குற்றப்புள்ளி ஏறும். புள்ளி மிகுந்தால் உரிமத்தின் தரம் இறங்கும். உயர்ந்த பந்தயங்களின் கதவு அடைபடும். வழிப்போக்கரும் தம் முன்வினையைச் சுமந்தே சத்திரத்துக்கு வரும்படி இவ்வாறு ஏற்பாடாயிற்று. 2017இல் ஜப்பானியப் படைப்பாகிய கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட், ஓட்டும் திறமைக்கு ஒன்றும் பண்புக்கு ஒன்றுமாக இதே போன்ற இரு தரவரிசைகளைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் மக்களுக்கும் கொண்டு சேர்த்தது.

ஐரேசிங் விதியில் ஒரு செய்தி சிந்தனைக்குரியது. இருவர் மோதினால், தவறு யாருடையது என்று பொறி ஆராய்வதில்லை; இருவர் கணக்கிலும் புள்ளி ஏறுகிறது. காலப்போக்கில் கவனமுள்ளவர்க்குக் குறைவாகவும் கவனமற்றவர்க்கு மிகுதியாகவும் சேர்ந்து கணக்கு நேராகிவிடும் என்பது இதன் தத்துவம். பல்லாயிரம் பந்தயங்களுக்கு இதுவே இயலக்கூடிய வழி. ஆனால் இடிபட்டவரின் மனக்குறையை ஒரு மனிதர் கேட்டுத் தீர்க்கும் லீக் முறைக்கு இது ஈடாகாது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் எதிர்பாராத ஒரு சோதனையை நிகழ்த்தியது. உலகெங்கும் மோட்டார் பந்தயங்கள் நின்றுபோக, புகழ்பெற்ற ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தபடி பாவனைப் பந்தயத்தில் இறங்கினர். மார்ச் 22 அன்று தொலைக்காட்சியில் காட்டப்பட்ட நாஸ்கார் அழைப்புப் பந்தயத்தில் டென்னி ஹாம்லின் வென்றார்; முன்னே கூறிய எர்ன்ஹார்ட் ஜூனியர் இரண்டாமிடம் பெற்றார். அப்பந்தயங்களின் புள்ளிகள் உண்மையான வாகைப் பட்டத்துக்குச் சேரவில்லை. விளைவு என்ன? ஏப்ரல் மாதத்தில் பப்பா வாலஸ் என்ற ஓட்டுநர் மோதலுக்குப் பின் சினந்து பந்தயத்தின் இடையிலேயே வெளியேறினார். அவருடைய ஆதரவு நிறுவனமொன்று விலகிக்கொண்டது. மே மாதத்தில், ஃபார்முலா ஈ நடத்திய பாவனைப் பந்தயமொன்றில் டேனியல் ஆப்ட் தமக்குப் பதிலாகப் பயின்ற வேறொருவரை ஓட்டச் செய்தது வெளிப்பட்டது. பந்தய முடிவிலிருந்து நீக்கப்பட்ட அவர், 10,000 யூரோ அறக்கொடை அளிக்க நேர்ந்தது. அவுடி அணியில் தம் இடத்தையும் இழந்தார்.

உண்மைப் பாதையில் உயிரைப் பணயம் வைத்து ஒழுங்காக ஓட்டியவர்களே இவர்கள். கணக்கில் சேராத ஆட்டம் என்று கருதியபோது ஒழுங்கு நெகிழ்ந்தது. ஒழுக்கம் தனிமனிதர் குணத்தை மட்டும் பொறுத்ததன்று, அவர் நிற்கும் அமைப்பையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒழுங்கு நினைவிலிருந்து பிறக்கிறது என்றால், அந்நினைவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் எழுகிறது. கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்டின் இணையச் சேவை 2024 ஜனவரி 31 அன்று நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மக்கள் பொறுமையோடு ஓட்டி ஈட்டிய பண்புத் தரம் அதன்பின் எந்தப் பந்தயத்துக்கும் பயன்படவில்லை. கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸின் கதை வேறு. பாப்பிரஸ் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்த பின்னும், ஆர்வலர் தம் கணிப்பொறிகளிலேயே பந்தயம் நடத்தி லீக்குகளைக் காத்து வந்துள்ளனர். நிறுவனம் மறைந்தது, அட்டவணையும் மேற்பார்வையும் மறையவில்லை. அவற்றை வைத்திருந்தவர் ஆடுவோரே.

ஆகவே இவ்விருவகைப் பந்தயங்களில் எது சிறந்தது என்ற வாதம் தேவையற்றது. வழிப்போக்கர் பந்தயம் இல்லையேல் புதியவர் வரமாட்டார். லீக் இல்லையேல் வந்தவர் தங்கமாட்டார். தரவரிசை எண்கள் இரண்டுக்கும் இடையே நல்ல பாலமாக அமைந்துள்ளன. ஆனால் வாரந்தோறும் கூடி, முறையீட்டைக் கேட்டு, தீர்ப்புச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு அட்டவணை எழுதும் சிலருடைய உழைப்பை எண்களால் ஈடுசெய்ய முடியாது. பெயர் தெரியாத அத்தொண்டர்களே இவ்விளையாட்டின் வரலாற்றை இத்தனை காலம் நடத்தி வந்தவர்கள்.