யார் மண்ணுல உங்க வீடு? தஞ்சாவூர் சொல்ற சந்தோஷக் கணக்கு

இந்த எபிசோட் ஒரு சின்ன கேள்வியில இருந்து கிளம்புது. நாம இருக்குற இடத்துக்கும் நம்ம சந்தோஷத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இந்தப் பேச்சு அடிக்கடி வரும். பெங்களூரு டிராஃபிக்கை விட்டுட்டு கும்பகோணம் பக்கம் வீடு பார்க்கலாமான்னு ஒருத்தர் கேட்பார். இன்னொருத்தர் கனடா பி.ஆர். பத்திப் பேசுவார். ரெண்டு பேரும் நம்புறது ஒண்ணுதான்: இடம் மாறினா மனசு மாறும்.

இதை அளக்குறதுக்கு ஒரு ஏணி இருக்கு. ஹாட்லி கான்ட்ரில்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் பல நாடுகள்ல ஆய்வு பண்ணி, 1965-ல ஒரு புத்தகமா வெளியிட்டார். இந்தியாவும் அந்த நாடுகள்ல ஒண்ணு. அவரோட கேள்வி ரொம்ப எளிமை. ஒரு ஏணியை நினைச்சுக்கோங்க. கீழ்ப்படி 0, மேல்படி 10. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை மேல்படியில இருக்குன்னா, நீங்க இப்ப எந்தப் படியில நிக்குறீங்க? 2012-லிருந்து வர்ற உலக மகிழ்ச்சி அறிக்கையும் இதே ஏணியைத்தான் பயன்படுத்துது. பின்லாந்து முதலிடம்னு வாட்ஸ்அப்ல சுத்துற செய்திக்குப் பின்னாடி இருக்குறது இந்த ஏணிதான்.

பதில்களைச் சராசரி எடுத்து, ஒரு நாட்டுக்கு ஒரு நம்பர் குடுக்குறாங்க. அந்த நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தஞ்சாவூர்தான் ஞாபகம் வரும். அங்க ஒரு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்துக்குக்கூட ஒரே நம்பர் போட்டிருக்க முடியாது.

நல்ல மண்ணும் தண்ணியும் இருந்தா மனுஷன் சந்தோஷமா இருப்பான்னு வச்சுக்குவோம். அப்படின்னா காவிரி டெல்டாவுலதான் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கணும். கல்லணை சோழர் காலத்துப் பெயரோட நிக்குது. 1836-ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணை கட்டினார். 1934-ல மேட்டூர் அணை வந்துச்சு. குறுவை, சம்பா, தாளடின்னு வருஷம் முழுக்க வயல் பச்சை. தமிழ்நாட்டோட நெற்களஞ்சியம்னு சும்மா சொல்லலை.

ஆனா அதே 19-ம் நூற்றாண்டுல நாகப்பட்டினத்துல இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் கப்பலா கூலி வேலைக்கு ஆள் போனாங்க. அதுல பெரும்பங்கு தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். ஊரு உலகத்துக்கே நெல் விளையுற மண்ணை விட்டுட்டு, முன்னப்பின்ன பார்க்காத ஒரு காட்டுக்கு ஏன் கப்பலேறணும்?

பதில் ஊருக்குள்ள இருக்கு. 1961-62-ல ஆந்த்ரே பெத்தேய்னு ஒரு சமூகவியலாளர் தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல தங்கி ஆய்வு பண்ணார். ஊரோட நிஜப் பேரை மறைச்சு, 'ஸ்ரீபுரம்'னு பேர் வச்சு எழுதினார். அந்த ஊர் மூணு துண்டா இருந்துச்சு: அக்ரஹாரம், குடியானவர் தெருக்கள், சேரி. ஆய்வாளர் தங்கினது அக்ரஹாரத்துல. அதனாலயே அவரால மத்த தெருக்களுக்கு, முக்கியமா சேரிக்கு, இஷ்டத்துக்குப் போய்ப் பழக முடியலை. வெளியூர்ல இருந்து வந்த ஆய்வாளருக்கே தெரு ஒரு வேலியா நின்னுச்சுன்னா, அங்கேயே பிறந்தவங்களை யோசிச்சுப் பாருங்க.

இப்ப அந்தச் சேரி வீட்டு மண் யாருதுங்கிற கேள்விக்கு வருவோம். டெல்டாவுல தலித் குடும்பங்கள் நிறைய பேர் பண்ணையாள்கள். மிராசுதாரர் நிலத்துல வேலை. குடிசை போட்டிருக்குற இடமும் பெரும்பாலும் அவரோடது. பட்டா கிடையாது, ரசீது கிடையாது. கூலி பத்தலைன்னு வாயைத் திறந்தா, வேலையோட வீடும் போயிடும். சரி, வேற ஊருக்குப் போயிடலாம்னா அதுவும் முடியாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கின கடன் காலைக் கட்டியிருக்கும். 1843-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தோட ஆதரவு இல்லைன்னு பிரிட்டிஷ் அரசு சொல்லியாச்சு. காகிதத்துல முடிஞ்சது கடன் பேருல தொடர்ந்துச்சு.

நான் பார்க்குற வேலையோட பாஷையில சொன்னா, இது பெர்மிஷன் பிரச்சினை. அந்த இடத்துல இருக்கலாமா, அதை விட்டுப் போகலாமா, ரெண்டையும் முடிவு பண்ற உரிமை இன்னொருத்தர் கையில. அப்படி ஒரு வாழ்க்கையில மண் எவ்வளவு வளமா இருந்தாலும் ஏணியில எத்தனை படி ஏற முடியும்? கப்பல்ல போனவங்க கணக்கு இதுல ஓரளவு புரியுது. தோட்டத்துல போய் அவங்க பட்ட பாடு தனிக் கதை.

1943-ல பி. சீனிவாசராவ்னு ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் தஞ்சைக்கு வந்து விவசாயச் சங்கம் கட்டுற வேலையில இறங்கினார். தாய்மொழி கன்னடம். ஆனா டெல்டா சேரிகள்ல அவர் பேரை இன்னைக்கும் சொல்வாங்க. சவுக்கடியும், தண்டனையா சாணிப்பால் குடிக்க வைக்குறதும் வழக்கமா இருந்த காலம் அது. அந்த வழக்கத்துக்கு எதிராத்தான் சங்கம் முதல்ல நின்னுச்சு. 1952-ல ராஜாஜி ஆட்சியில தஞ்சாவூருக்குன்னே ஒரு குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் பண்ணையாளா வச்சுக்குறதைவிட தினக்கூலிக்குக் கூப்பிடுறது வசதின்னு பல மிராசுதாரர்கள் மாறினாங்க. கட்டு தளர்ந்துச்சு. ஆனா குடிசை நின்ன மண் அவங்க கையிலயே இருந்துச்சு.

அப்புறம் 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. அன்னைக்கு ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம், இன்னைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட, சங்கத்தை விட மறுத்த தலித் தொழிலாளிகளோட தெருவைத் தாக்கினாங்க. உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சவங்களை வெளியிலிருந்து தீ வச்சுக் கொளுத்தினாங்க. 44 பேர் செத்தாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்குல கீழ்க் கோர்ட் தண்டனை குடுத்துச்சு. சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை பண்ணிடுச்சு.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு தடுமாறும். ஆபத்து வந்தா மனுஷன் ஓடி ஒளியுற கடைசி இடம் வீடு. அந்த 44 பேருக்கு அந்தக் கடைசி இடமும் இல்லாமப் போச்சு.

1969-ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. நாம பேசுற விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது 1971-ல வந்த குடியிருப்புச் சட்டம். அந்த வருஷம் ஜூன் 19 அன்னைக்கு ஒரு விவசாயத் தொழிலாளி எந்தக் குடியிருப்பு மனையில இருந்தாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம். வெளியேத்தக் கூடாதுன்னு 1961-லேயே ஒரு சட்டம் இருந்துச்சு. 1971 சட்டம் ஒரு படி மேல போய் உரிமையையே மாத்தி எழுதுச்சு.

நாலஞ்சு சென்ட் மனைதானேன்னு தோணலாம். வயல்ல ஒரு குழி கூட கிடைக்கலையேன்னும் கேட்கலாம். நியாயம்தான். ஆனா கூலி பேசப் போற மனுஷனோட இடத்துல இருந்து பாருங்க. நேத்து வரைக்கும் அவர் 'கட்டுப்படியாகாது'ன்னு சொன்னா, ராத்திரி குடும்பம் எங்க படுக்கும்னு தெரியாது. இன்னைக்கு அதே வார்த்தையைச் சொல்லிட்டு நேரா தன் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஊர் அதே ஊர், தெரு அதே தெரு, வாய்க்கால் அதே வாய்க்கால். அந்த மண்ணுக்கும் அவருக்கும் இருக்குற உறவு மாறிடுச்சு.

இதை முழு வெற்றிக் கதையாச் சொல்ல முடியாது. காத்லீன் காஃப்னு ஒரு பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1951-53-ல தஞ்சாவூர்ல ரெண்டு கிராமங்கள்ல ஆய்வு பண்ணிட்டு, 1976-ல திரும்ப வந்தாங்க. கூலித் தொழிலாளிகள் வாழ்க்கை வசதியாயிடுச்சுன்னு அவங்களால எழுத முடியலை. வேலை நாட்கள் போதலை. வயல் பெரும்பாலும் இன்னொருத்தர் கையில. கீழ்வெண்மணிக்கு அப்புறம் டெல்டாவுல வேலை செய்ய வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினதுக்குக் காரணம் அதுதான். நிலத்தை வாங்கி, பெண்கள் பேருல எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் குடிசைகளுக்குப் பதிலா நல்ல வீடு கட்டுறதுல இறங்கினாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப, கூரை வீட்டுக்கும் காரை வீட்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரே ராத்திரியில தெரிஞ்சுது.

இன்னொரு பக்கம் அக்ரஹாரம். ஊர்லயே நல்ல தெரு. ஆனா அங்க இருந்தவங்கதான் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, மும்பை, டெல்லின்னு கிளம்பினாங்க. திண்ணை வச்ச வீடுகள் பூட்டிக் கிடக்குறதை டெல்டா பக்கம் போனா நீங்களே பார்க்கலாம். நல்ல இடம்னாலும் அவங்க போனாங்க. ஏன்னா போக முடிஞ்சுது, வேணும்னா திரும்பி வரவும் வீடு இருந்துச்சு.

அதனால ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆமா, இடத்துக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தம் இருக்கு. ஆனா வானிலை, டிராஃபிக், கபே இதையெல்லாம் ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்கணும். இங்க இருக்காதேன்னு என்னைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கு? போகணும்னா நான் போக முடியுமா? 11 மாச அக்ரிமென்ட்ல வாடகை வீட்டுல இருக்குற நம்ம கவலையைப் பண்ணையாள் பட்டதோட நான் ஒப்பிடலை. நம்மகிட்ட டெபாசிட்டைத் திரும்பக் கேட்க ஒரு பேப்பராவது இருக்கு.

கோயில் இடத்துலயும் வாய்க்கால் புறம்போக்குலயும் வீடு போட்டு, ஜமாபந்திக்கு ஜமாபந்தி பட்டா கேட்டு மனு குடுக்குறவங்க டெல்டாவுல இன்னைக்கும் இருக்காங்க. அவங்க வீட்டு வாசல்லயும் அதே காவிரித் தண்ணிதான் ஓடுது. கான்ட்ரிலோட ஏணியை அங்க கொண்டு போனா, எந்தப் படியில நிக்குறீங்கன்னு கேட்குறதுக்கு முன்னாடி, ஏணி ஊன்றியிருக்குற மண் யாருதுன்னு கேட்டுக்குறது நல்லது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.