அன்னமும் வெற்றிலையும்

2010 ஜனவரி 26. யாழ்ப்பாணத்தில் வாக்குச்சீட்டோடு வெகுநேரம் நின்றேன். வேட்பாளர்கள் 22 பேர். ஆனால் நாடு இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. வெற்றிலையில் மகிந்த ராஜபக்ச, அன்னத்தில் சரத் பொன்சேகா. முந்தைய மே மாதம் முடிந்த போரை ஒருவர் ஜனாதிபதியாக நடத்தியவர், மற்றவர் இராணுவத் தளபதியாக. எவருக்குப் புள்ளடி இடுவது? இடாமலே திரும்பலாமா? 2005இல் வடக்கு வாக்களிக்காமல் இருந்தது. மகிந்த சுமார் 180,000 வாக்குகளால் வென்றார். அது நினைவில் இருந்தது. மனம் ஒப்பாமலே அன்னத்துக்குப் போட்டேன்.

வடக்கு கிழக்கு மாவட்டங்களில் அன்னம் முந்தியது. ஆனால் நாடு முழுவதும் எண்ணியபோது வெற்றிலைக்கு 57 வீதத்துக்கு மேல்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று மனைவி கேட்டா.

"ஆரை வேண்டாமெண்டு போட்டனீங்கள் எண்டு கேளும்," என்றேன்.